டிசம்பரில் பாலர் பள்ளி ஆசிரியைக்கு என்ன வேலை?

பினாங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தங்கைக்கு 22 வயது. டிப்ளோமா முடித்து, 2025 ஏப்ரலில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தனியார் பாலர் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறாள். டிசம்பர் 20 முதல் பள்ளிகளுக்கெல்லாம் ஆண்டு இறுதி விடுமுறை. ஆனால் இவள் மட்டும் விடியுமுன்னே பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போகிறாள், இருட்டிய பிறகு களைத்துப்போய் வருகிறாள். "பிள்ளைகள் இல்லாத பள்ளியில் அப்படி என்ன வேலை? சின்னப் பெண் என்று ஏமாற்றி வேலை வாங்குகிறார்களா?" என்பது கேள்வி.

தம்பி, நான் பதினெட்டு ஆண்டுகளாகத் தீவில் இந்த வேலையில் இருக்கிறேன். இப்போது புதிதாக வருகிற ஆசிரியைகளைப் பழக்குவதும் என் பொறுப்புதான். உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாம் பாதிக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிள்ளைகள் இல்லாத பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படி இல்லை. பாயான் லெப்பாஸில் 1972-இல் தொழிற்பேட்டை வந்த காலத்திலிருந்து அந்தப் பக்கத்துக் குடும்பங்களின் நேரத்தைத் தொழிற்சாலைதான் தீர்மானிக்கிறது. கல்வி அமைச்சு விடுமுறை விட்டாலும் ஷிப்டுக்கு விடுமுறை இல்லை. பாட்டி சுங்கை சிப்புட்டிலோ கூலிமிலோ இருப்பார். ஒரு வாரம் அங்கே அனுப்பலாம், மூன்று வாரம் அனுப்ப முடியாது. அதனால் மற்ற நாட்களில் 60 பிள்ளைகள் வரும் எங்கள் இடத்துக்கு டிசம்பரில் 15, 20 பேராவது வருவார்கள். அவர்களோடு தொடக்கப்பள்ளியில் முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு படிக்கும் அண்ணன், அக்காமாரும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

சட்டப்படி 4 வயதிலிருந்து 6 வயது வரை படிக்கும் இடம் தாடிகா. 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் தாஸ்கா. முன்னது கல்வி அமைச்சின் கீழ், 1996 கல்விச் சட்டப்படி நடக்கிறது. பின்னதற்கு 1984-இல் தனிச் சட்டம் வந்தது, சமூக நலத்துறை அதைப் பார்க்கிறது. பல இடங்களில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கின்றன. டிசம்பர் வந்தால் தாடிகாவே கொஞ்சம் தாஸ்கா மாதிரி ஆகிவிடும். பாடம் குறையும், பார்த்துக்கொள்ளும் வேலை கூடும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2022 முதல் 2024 வரை பள்ளித் தவணை மார்ச்சில் தொடங்கியது, 2025-இல் பிப்ரவரியில். மார்ச்சில் தொடங்கிய அந்த ஆண்டுகளில் டிசம்பர் என்பது தவணைக்கு நடுவில் வந்த சின்ன விடுமுறைதான். ஆனால் எங்களைப் போன்ற தனியார் பாலர் பள்ளிகள் பழையபடி ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடித்தோம். ஆறு வயதுப் பிள்ளை நவம்பரில் அங்கி போட்டுப் பட்டமளிப்பு விழாவும் முடித்துவிட்டு, மார்ச் வரை எங்கள் வாசலிலேயே நிற்கும். 2026-இல் மறுபடி ஜனவரிக்கே திரும்புகிறது, பினாங்கில் ஜனவரி 12. அந்த வகையில் உங்கள் தங்கை சரியான நேரத்தில் வந்திருக்கிறாள்.

அவளுடைய நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். நம் நாட்டு நேரத்தை 1982 ஜனவரி முதல் நாள் அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் டிசம்பரில் பினாங்கில் சூரியன் ஏழே கால் தாண்டித்தான் எட்டிப் பார்க்கும். கதவைத் திறக்க ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் பெருநிலத்திலிருந்து தீவுக்கு வரும் பாலத்தை இருட்டில்தான் கடக்க வேண்டும். அந்தக் கவலை நியாயமானது. பாலத்தில் மோட்டாருக்குத் தனிப் பாதை இருக்கிறது, 2019 முதல் டோலும் இல்லை. ஆனால் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் கை நடுங்கும். ஒளி பட்டால் மின்னும் பட்டை வைத்த நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

ஏழு மணிக்கு முதல் பிள்ளை வரும், அநேகமாக அரைத் தூக்கத்தில், அப்பாவின் தோளில். வாசலிலேயே நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்போம், வாயைத் திறக்கச் சொல்வோம். கை, கால், வாய்ப்புண் நோய்க்காகத்தான். கொப்புளம் தெரிந்தால் பிள்ளையை உள்ளே விட முடியாது. அது சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். விடுமுறையில் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் பேரங்காடி, நீச்சல் குளம், உறவினர் வீடு என்று சுற்றிவிட்டு வருகிறார்கள். அந்தக் கிருமியிடம் கைக்குத் தெளிக்கும் ஆல்கஹால் அவ்வளவாகச் செல்லுபடியாகாது. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான் வழி. ஆண்டு முடிவில் விளையாட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் தொட்டியில் போட்டுக் கழுவி வெயிலில் காய வைப்போம். உங்கள் தங்கையின் விரல் நுனி உரிந்திருந்தால் அதுதான் காரணம்.

அப்புறம் காலைப் பசியாறல். சாதாரண நாளில் மணி அடித்ததுபோல முடித்துவிட்டு வகுப்புக்கு ஓடுவோம். டிசம்பரில் ஓட வேண்டியதில்லை. நான்கு வயதுப் பிள்ளை ரொட்டியின் ஓரத்தைத் தனியே பிய்த்து அடுக்கி வைத்துவிட்டு நடுவை மட்டும் தின்பதை உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்கும். இந்த நேரத்தைத்தான் நான் இளம் ஆசிரியைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஆண்டு முழுவதும் 20 பேரைக் கூட்டமாகப் பார்க்கிறோம். ஒரு பிள்ளையை ஒரு பிள்ளையாகப் பார்க்கக் கிடைப்பது இந்த மூன்று வாரம்தான்.

டிசம்பர் என்றதும் பேரங்காடிகளில் எல்லாம் பஞ்சுப் பனி கொட்டிவிடுவார்கள். பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "டீச்சர், பனி எப்படி இருக்கும்?" இதற்குப் பஞ்சை வெட்டித் தாளில் ஒட்டச் சொல்வது எளிது, ஆனால் அதில் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது. பஞ்சு சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. நான் என்ன செய்வேன் என்றால், முதல் நாள் மாலையே சின்ன பிளாஸ்டிக் மாடு, மீன், பொத்தான் எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிடுவேன். காலையில் அந்தப் பனிக்கட்டியை ஒரு பெரிய தாம்பாளத்தில் வைத்து, மாட்டை வெளியே எடுங்கள் என்று சொல்வேன். ஒருவன் ஊதுவான், ஒருத்தி கையில் வைத்துத் தேய்ப்பாள், ஒருவன் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான். பத்து நிமிடம் கழித்து உப்பைக் கொடுப்பேன். உப்பு பட்ட இடத்தில் குழி விழுவதைப் பார்க்கும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே! ஐஸ் கச்சாங் இயந்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. துருவிய ஐஸை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பிள்ளைக்குப் பனி எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

குளிர்காலமே இல்லாத ஊரில் குளிர்காலத் திருநாள் ஒன்று வருவதும் இந்த மாதத்தில்தான். சீனர்களின் தோங்சி, சூரியன் தெற்கே கடைசி வரை போய்த் திரும்பும் நாள். 2025-இல் அது டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை வந்தது, நாங்கள் திங்களன்று செய்தோம். பினாங்கில் ஹொக்கியன் பேசும் சீனர் வீடுகளில் பசையரிசி மாவை உருட்டி, இஞ்சி போட்ட சர்க்கரைத் தண்ணீரில் விடுவார்கள். குவே ஈ என்பார்கள். நம் பிள்ளைகளிடம் சொல்லும்போது "பாட்டி செய்யும் பால் கொழுக்கட்டைக்குப் பக்கத்து வீட்டுச் சொந்தம்" என்று சொன்னால் போதும், உடனே புரிந்துவிடும். மாவு பிசைவது, சாயம் கலப்பது, எண்ணிக்கொண்டே உருட்டுவது, இவற்றைவிட நல்ல கணக்குப் பாடம் எனக்குத் தெரியாது. ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். உருண்டையாக, வழவழப்பாக, ஒட்டிக்கொள்ளும் பதத்தில் இருக்கும் எதுவும் சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆகையால் உருட்டுவதற்கு உருண்டை, தின்பதற்குத் தட்டி நறுக்கிய சின்னத் துண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது, சர்க்கரைத் தண்ணீர் மட்டும்.

அன்றைக்குத்தான் ஆண்டிலேயே பகல் குறைந்த நாள் என்று பெரிய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பாததும் சரிதான். பினாங்கில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் நாற்பது நிமிடம்கூட இல்லை. வீட்டில் பாட்டி இருந்தால் மார்கழிக் கோலத்தைப் பற்றிக் கேட்டு வரச் சொல்வேன். மறுநாள் ஒரு பிள்ளை சுண்ணக்கட்டியால் தரையில் எட்டுப் புள்ளி வைத்துக் காட்டினாள், பக்கத்தில் ஒரு சீனப் பையன் அதைச் சுற்றி ரயில் பாதை போட்டான். இந்த மாதிரி நேரத்தில் ஆசிரியை குறுக்கே பேசாமல் இருப்பதே பெரிய வேலை.

மதியம் பிள்ளைகள் தூங்குவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் உங்கள் தங்கைக்கு மற்ற வேலைகள் தொடங்கும். ஒவ்வொரு பிள்ளையின் பதிவேட்டையும் முடித்துப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். பெற்றோர் கட்டண ரசீது கேட்டு வருவார்கள். 6 வயது வரையுள்ள பிள்ளையின் பதிவுபெற்ற தாடிகா, தாஸ்கா கட்டணத்துக்கு 3,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வருமான வரிக்கழிவு உண்டு, அதனால் ஆண்டு முடிவில் எல்லாருக்கும் அந்தத் தாள் வேண்டும். சுவரில் உள்ள பழைய படங்களைக் கழற்றி, புதிய பெயர் அட்டை வெட்டி, லேமினேட் செய்து ஒட்ட வேண்டும். இந்தச் சுவர் அலங்காரத்தில் நம் பாலர் பள்ளிகள் செலவழிக்கும் நேரம் ரொம்ப அதிகம் என்பது என் உறுதியான கருத்து. விலை கொடுத்து வாங்கிய ஸ்பாஞ்சுத் தாளில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வெட்டி, இரவில் வீட்டுக்கும் கொண்டுபோய் வெட்டுகிற இளம் ஆசிரியைகளைப் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் அழுதுகொண்டு வரும் நான்கு வயதுப் பிள்ளை அந்த ஒட்டகச்சிவிங்கியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. சுவரில் பாதியைக் காலியாக விடுங்கள், பிள்ளைகள் வரைந்து நிரப்பட்டும் என்று எங்கள் இடத்தில் சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை வீட்டில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தால், பாதியாகக் குறைக்கலாமா என்று மேலாளரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை வேறு ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஜனவரியில் ஒரு பையன் வந்தான். நான்கு வயது. காலையிலிருந்து "பைப்பு, பைப்பு" என்று அழுவான். தண்ணீரில் விளையாடக் கேட்கிறான் என்று நினைத்து, அப்புறம் போகலாம்டா கண்ணா என்று மடியில் உட்கார வைத்துப் பாட்டுப் பாடினேன். கால்சட்டையை நனைத்துவிட்டான். இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் அவன் அழவே இல்லை, ஒரு மூலையில் போய் நின்று நனைத்துக்கொண்டான். மாலையில் அவன் பாட்டி கூப்பிட வந்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் வீட்டில் கழிவறைக்குப் போவதைப் பைப்புக்குப் போவது என்றுதான் சொல்வார்களாம். பிள்ளை மூன்று நாளும் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். அவன் அழுகையை நிறுத்திய அந்த மூன்றாம் நாள் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்கடுத்த டிசம்பரிலிருந்து ஒரு தாள் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போன் செய்வேன். படிவம் அனுப்பினால் "நலம்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். போனில்தான் பேசுவார்கள். ஐந்து சொல் கேட்பேன். சிறுநீர் வந்தால் என்ன சொல்வான், தண்ணீருக்கு என்ன சொல்வான், வலித்தால், தூக்கம் வந்தால், பயந்தால். நம் ஊரில் இந்த ஐந்துக்கும் வீட்டுக்கு வீடு பதில் மாறும். ஒரு வீட்டில் ஒன்னுக்கு, ஒரு வீட்டில் மூச்சா, ஒரு வீட்டில் மலாய்ச் சொல், அம்மா ஷிப்டுக்குப் போகும்போது பார்த்துக்கொண்ட சீன ஆன்ட்டியிடம் கற்ற ஹொக்கியன் சொல் இன்னொரு வீட்டில். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்குத் தண்ணீருக்குத் தமிழ்ச் சொல்லும் வலிக்கு ஹொக்கியன் சொல்லும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்பேன். பிறப்புப் பத்திரத்தில் நான்கு அசையில் பெயர் இருக்கும், பிள்ளைக்குத் தெரிந்ததோ "பாப்பா" மட்டும்தான். முதல் நாள் அந்த நீளப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிற்கும்.

ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். இருபது பிள்ளைகள் என்றால் ஐந்து மணி நேரம். ஜனவரியில் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது, டிசம்பரில் கிடைக்கும். வெளியே இருந்து பார்த்தால் காலியான வகுப்பில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருப்பதுபோல் தெரியும். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆன உங்கள் தங்கையை யாரும் இதைச் செய்யச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

போகிற ஆறு வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரு வாரம் ஒதுக்கலாம். எழுத்து, எண் எல்லாம் அவர்களுக்கு வரும். முதலாம் ஆண்டில் தடுமாறுவது சிற்றுண்டிச்சாலையில்தான். பணத்தாளைக் கொடுத்து மீ (நூடுல்ஸ்) வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி, தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி உட்கார்ந்து, மணி அடிப்பதற்குள் தின்று முடிக்க வேண்டும். இதை நாங்கள் வகுப்பிலேயே கடை வைத்துப் பழக்குகிறோம். காலணிக் கயிறு, சாப்பாட்டு டப்பா மூடி, குந்தி உட்காரும் கழிவறை, இவையும் அதோடு சேரும். தமிழ்ப்பள்ளிக்குப் போனாலும் சீனப்பள்ளிக்குப் போனாலும் இவை பொதுதான்.

மாலையில் கடைசிப் பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது. ஆண்டு முடிவில் வெளியூர்க் கார்களெல்லாம் தீவுக்குள் வந்துவிடும், சாலையெல்லாம் நின்றுவிடும். அம்மா ஆறு மணிக்குச் சொல்லி ஏழு மணிக்கு வருவார். உங்கள் தங்கை இருட்டிய பிறகு வருவதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, ஏமாற்றுகிறார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். விடுமுறையில் வேலைக்கு வரச் சொல்வது ஏமாற்று வேலை இல்லை. பள்ளி விடுமுறை மாணவர்களுக்கு உரியது, தனியார் ஊழியருக்குத் தானாகக் கிடைக்காது. ஆனால் 1955 வேலைச் சட்டம் அவளுக்குச் சிலவற்றைக் கொடுக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஓராண்டு முடியாதவருக்கு மாதக் கணக்குப்படி கிடைக்கும். கடைசி வாரம் கதவை மூடிவிட்டு அந்த நாட்களை இதில் கழிக்கும் இடங்கள் உண்டு. அதை முன்கூட்டியே சொன்னார்களா என்று கேளுங்கள். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, 2023 ஜனவரியிலிருந்து அப்படி. அதற்கு மேல் போனால் மணிக்கு ஒன்றரை மடங்கு. ஏழு மணிக்குத் திறந்து ஏழு மணிக்கு மூடுவதும் ஒரே ஆள் என்றால் இந்தக் கணக்கு கண்டிப்பாக இடிக்கும். தினமும் வந்த நேரம், போன நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, 2025 ஆகஸ்டிலிருந்து சின்ன நிறுவனங்களுக்கும் அதுதான். ஊழியர் சேமநிதியான இபிஎஃப்-இல் அவள் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. கணக்கைத் திறந்து இரண்டும் விழுகிறதா என்று பாருங்கள். நான் இளம் வயதில் வேலை செய்த ஓரிடத்தில் ஏழு மாதம் பிடித்த பணத்தைக் கட்டவே இல்லை. யாரும் பார்க்கச் சொல்லாததால் எனக்குத் தெரியவும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சட்டம் தரும் 11 பொது விடுமுறையில் ஐந்து நாள் கட்டாயம், மீதி ஆறு நாளை முதலாளி தேர்ந்தெடுக்கலாம். அந்த ஆறும் எவை என்று ஆண்டு பிறக்குமுன்னே வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். அந்தத் தாள் இந்த வாரம் சுவரில் இருக்கிறதா, தீபாவளியும் தைப்பூசமும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொங்கல் அதில் இருக்காது. அது பொது விடுமுறை இல்லை, 2026-இல் பள்ளி திறக்கும் அதே வாரத்தில் வேறு வருகிறது. புதுப் பிள்ளைகள் அழுகிற அந்த வாரத்தில் எந்த மேலாளரும் யோசித்துத்தான் விடுவார். வீட்டில் அவள் பொங்கல் வைக்க வேண்டும் என்றால், விடுப்புக் கடிதத்தை டிசம்பர் முடியுமுன்னே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.